உழவர் மகளுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நண்பரின் வாடகை வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான்கு பேர் ஆய்வு மாணவர்கள். ஐந்தாவது ஆள் முதுகலை படிக்கும் தங்கை ஒருவர்; அன்றுதான் முதல்முறை ஆட வந்திருந்தார். ஆட்டம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமாக டி அண்ட் டி.

"என்ன மாதிரி ஆளா ஆடப் போறம்மா?" என்று ஆட்டத்தை நடத்தும் நண்பர் கேட்டார்.

"மந்திரவாதிண்ணா. ஆனா பெரிய இடத்துப் பொண்ணு கிடையாது. வயக்காட்டு வேலை செய்யற வீட்டுப் பொண்ணு. யாரோ வேணாம்னு போட்ட புத்தகத்தை எடுத்து, தானா படிச்சு மந்திரம் கத்துக்கிட்டவ."

அவருடைய அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நண்பர் புத்தகத்தைப் புரட்டினார். கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார்: "உழவர்னு போட்டா அறிவுக்குக் கூடாதும்மா. பலம், உடலுறுதி, விவேகம் இந்த மூணுக்குத்தான் கூடும். மந்திரவாதிக்கு அறிவுதான் எல்லாமே. பேசாம 'அறிஞர்'னு மாத்திக்க. கதையில வேணா உழவர் வீடுன்னே சொல்லிக்கலாம்."

அவர் ரப்பரை எடுத்து 'உழவர்' என்பதை அழித்துவிட்டு 'அறிஞர்' என்று எழுதினார். யாரும் எதுவும் பேசவில்லை. நானும்தான். ஆட்டம் தொடங்கிவிட்டது. நன்றாகவே போனது. விடுதிக்குத் திரும்பும் பேருந்தில்தான் அந்த ரப்பர் மனதை உறுத்தத் தொடங்கியது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. இதில் காய் நகர்த்தி வெல்வது என்று எதுவும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, கதையை முன்னே தள்ளுவார்கள். முடியுமா முடியாதா என்று தெரியாத காரியம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறனுக்கு உரிய கூடுதலைச் சேர்த்து, அது இலக்கை எட்டினால் காரியம் கைகூடும். திறன்கள் ஆறு: பலம், லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 10 என்றால் சராசரி ஆள். கூடுதல் எதுவும் இல்லை. 12க்கு +1, 14க்கு +2, 16க்கு +3 என்று ஏறி, உச்சமான 20க்கு +5. ஒரு பாத்திரம் யார் என்பதை அந்தத் தாளில் முதலில் சொல்வது இந்த ஆறு எண்கள்தான். தகுதி, திறமை என்று நம்மிடம் ஓயாமல் சொல்லப்படும் இரண்டு சொற்களை எண்ணாக மாற்றித் தாளில் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஐம்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டுக்குள் நடக்கும் சண்டை. நம் சண்டையும் அதுதான் என்பதால் அந்தக் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். அப்போது மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி, விழுந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்பு. கொடூரமான குலுக்கல்தான். ஆனாலும் 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று பகடை கேட்கவில்லை. அதைக் கேட்டது வேறொரு விதி. மனிதராகப் பிறந்தவர் எத்தனை லெவல் வேண்டுமானாலும் உயரலாம். குள்ளராகப் பிறந்த போர்வீரர் 6ஆவது லெவலோடு நின்றுவிட வேண்டும். ஹாபிட் 4இல். எல்ஃப் போர்வீரராக 4 வரை, மந்திரவாதியாக 8 வரை. எவ்வளவு வீரம் காட்டினாலும் அதற்கு மேல் படி கிடையாது.

1978இல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பில் பிறப்பு நேராகத் திறனுக்குள்ளேயே நுழைந்தது. அரை-ஆர்க்காகப் பிறந்தால் பலத்தில் 1, உடலுறுதியில் 1 கூடும். வசீகரத்தில் 2 குறையும். உச்ச பலமான 18க்கு மேல் போர்வீரர்களுக்கு நூறு படிகள் வைத்திருந்தார்கள். மனித இனத்து ஆண் நூறு வரை ஏறலாம், பெண் ஐம்பதோடு நிற்க வேண்டும். எந்த இனம் எந்த இனத்தை வெறுக்கும், எதைச் சகித்துக்கொள்ளும் என்பதற்குத் தனி அட்டவணையே உண்டு. இதைப் படிக்கும்போது எனக்குப் பெரிதாக அதிர்ச்சி வரவில்லை. இப்படி ஓர் அட்டவணையை யாரும் அச்சடித்துக் கொடுக்காமலேயே மனப்பாடமாக வைத்திருக்கும் ஊரிலிருந்துதான் நாம் எல்லோரும் வருகிறோம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு லெவல் தடையை நீக்கியது. ஆனால் அரை-ஆர்க்குக்குப் பலம் 2 கூட்டி, அறிவில் 2, வசீகரத்தில் 2 குறைத்தது. வேலை செய்ய உடம்பு உண்டு; யோசிக்க மூளையும் இல்லை, முன்னே நின்று பேச முகமும் இல்லை. 2014இல் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூலில் இந்தக் குறைப்புகள் போய்க் கூடுதல்கள் மட்டும் மிஞ்சின. ஆனால் 2016இல் வந்த ஒரு துணைநூலில், ஆர்க்காகவே ஆட விரும்புகிறவருக்கு அறிவில் 2 குறைவு என்ற விதி திரும்பவும் எட்டிப் பார்த்தது.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் அமெரிக்கத் தெருக்கள் கொதித்தபோது, இதை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமும் வாயைத் திறக்க வேண்டி வந்தது. ஆர்க்குகளையும் ட்ரோ எனப்படும் கறுத்த எல்ஃப்களையும் பிறவியிலேயே தீயவர்களாகக் காட்டிய விதம், நிஜ உலகில் இழிவுபடுத்தப்பட்ட மக்களைப் பற்றிய சித்திரிப்புகளை வலிக்க வலிக்க நினைவூட்டுவதை அந்த ஜூன் மாதம் ஒப்புக்கொண்டது. நவம்பரில் வந்த 'டாஷா'ஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' நூல், பிறப்பால் வரும் கூடுதலை விரும்பிய திறனுக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. 2022இல் வந்த 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்' நூலில் எல்லா இனத்துக்கும் அதுவே விதியானது. அந்த ஆண்டு இறுதியில் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்ற சொல்லுக்கு மாறப்போவதாக அறிவித்தார்கள். (தமிழில் இரண்டுக்கும் 'இனம்' என்றே சொல்லிவிடுவோம். அது போகட்டும், நாயின் வகையைச் சொல்லக்கூட நம் ஊரில் 'நல்ல ஜாதி நாய்' என்றுதான் சொல்கிறார்கள். உயிரியல் எங்கே முடிகிறது, சாதி எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரிக்கும் சொல்லே பேச்சு வழக்கில் இல்லை.)

இதுவரை வந்தது வெற்றிதான். சில்லறை வெற்றி என்று அதை ஒதுக்க மாட்டேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய கறுப்பின ஆட்டக்காரர்களும், பெண்களும், பால்புதுமையினரும் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் கேட்டதால் வந்தது.

பிறகுதான் 2024 செப்டம்பரில் புதிய ஆட்டக்காரர் கையேடு வந்தது. திறன் கூடுதல் இனத்திலிருந்து முழுதாக எடுக்கப்பட்டது. எடுத்து எங்கே வைத்தார்கள்? பின்புலத்தில். பின்புலம் என்றால், கதை தொடங்குவதற்கு முன் அந்தப் பாத்திரம் என்னவாக இருந்தது என்பது. மொத்தம் 16 பின்புலங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குள் ஒன்றில் 2, இன்னொன்றில் 1 கூட்டலாம், அல்லது மூன்றிலும் ஒவ்வொன்று. வெளியே போக முடியாது. 2022இல் சோதனைக்காக வெளியிட்ட வரைவில், பின்புலத்தை நீங்களே கட்டிக்கொண்டு விரும்பிய திறனில் கூட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. இறுதி நூலில் அந்தச் சுதந்திரம் காணாமல் போய் அட்டவணை வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த அட்டவணையில் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். உழவர்: பலம், உடலுறுதி, விவேகம். பிரபு: பலம், அறிவு, வசீகரம்.

திறனோடு ஒரு சிறப்புத் தகுதியும் ஒவ்வொருவருக்கும் உண்டு. உழவருக்குக் கிடைப்பது 'டஃப்'; லெவலுக்கு 2 வீதம் உயிர்ப்புள்ளி கூடும். சுருக்கமாக, அடி தாங்குவார். பிரபுவுக்குக் கிடைப்பது 'ஸ்கில்டு'. தனக்குப் பிடித்த ஏதேனும் மூன்று தேர்ச்சிகளைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்குத் தாங்கும் உடம்பு. இன்னொருவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இதை எழுதியவர்கள் சாதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூட வேண்டியதில்லை. கெட்ட எண்ணம் இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. 16 பின்புலங்களில் சரிபாதி, அதாவது எட்டு, அறிவுக்கு இடம் தருகின்றன. அதில் கைவினைஞரும் இருக்கிறார், குற்றவாளியும் இருக்கிறார். ஆக, உழைப்பவர் எவருக்கும் அறிவில்லை என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. ஆனால் மண்ணில் உழைப்பவரைப் பற்றி யோசித்தபோது அவர்கள் கை தானாக எங்கே போனது என்பது தெரிகிறது.

இன்னொன்று. உழவருக்குத் தரப்படும் இரண்டு தேர்ச்சிகள் விலங்குகளைக் கையாளுதல், இயற்கை அறிவு. இதே புத்தகத்தின் விதிப்படி, இயற்கை அறிவு எந்தத் திறனைச் சார்ந்தது தெரியுமா? அறிவை. மண்ணையும் பருவத்தையும் பயிரையும் உழவர் அறிந்தவர் என்று ஒரு வரியில் ஒப்புக்கொள்கிறார்கள். அது அறிவுதான் என்று வேறொரு பக்கத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அறிவு மதிப்பெண்ணை உயர்த்தும் வாசலை மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. பதிலாக 'விவேகம்' தந்திருக்கிறார்கள். இந்தப் பரிசு நமக்குப் பழக்கமானது. அதற்குத் தமிழில் 'பட்டறிவு' என்று பெயர். பாட்டியின் பட்டறிவு, மீனவரின் பட்டறிவு, நாற்று நடும் பெண்ணின் பட்டறிவு என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, படிப்பறிவுக்கான நாற்காலியில் வேறு யாரையோ உட்கார வைப்பார்கள். ஒருவருடைய அறிவுக்குத் தனிப் பெயர் வைத்துத் தனி அலமாரியில் வைப்பதும் அதை வெளியே வைப்பதுதான்.

'இரண்டு மதிப்பெண்தானே' என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புள்ளிகளைப் பகிர்ந்து திறன்களை வாங்கும் முறையில், கூடுதல் சேர்வதற்கு முன் ஒரு திறனுக்கு உச்சம் 15. அறிஞர் வீட்டு மந்திரவாதி அதில் 2 சேர்த்து 17 அறிவோடு தொடங்குவார். உழவர் வீட்டு மந்திரவாதி 15 உடன் நிற்பார். இருவரும் ஒரே மாதிரி உழைக்கிறார்கள், கிடைக்கும் ஒவ்வொரு உயர்வையும் முதலில் அறிவிலேயே போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4ஆவது லெவலில் அவர் 19, இவர் 17. 8ஆவது லெவலில் அவர் 20ஐ எட்டிவிடுவார், இவர் 19. உச்சத்தை இவர் தொடுவது 12ஆவது லெவலில். எங்கள் மாடியில் இதுவரை எந்தக் கதையும் 12ஆவது லெவல் வரை போனதில்லை. யாராவது ஊருக்குப் போய்விடுவார்கள், அல்லது யாருக்காவது ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி வந்துவிடும். அதாவது எங்கள் மேசையில் உழவர் மகள் கடைசி வரை எட்டிப் பிடிக்கப் போவதில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் போடும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் எதிராளி தப்பிக்க 5 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. 5 சதவீதம் பெரிய விஷயமா என்று, கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணில் இடம் போன யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

என்னை மேலும் யோசிக்க வைத்தது இது அல்ல. பழைய 2014 புத்தகத்தில் பின்புலம் எப்படி இருந்தது என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். அதில் 13 பின்புலங்கள். எதுவும் திறனைத் தொடாது. மாறாக, உலகம் உங்களை எப்படி நடத்தும் என்பதை ஒவ்வொன்றும் சொல்லும். பிரபுவின் பின்புலத்துக்கு வைத்திருந்த தலைப்பே சலுகை பெற்ற நிலை என்ற பொருளில்தான். அவரைப் பற்றி மக்கள் நல்லதாகவே நினைப்பார்கள்; அவர் எங்கே நின்றாலும் அங்கே நிற்க அவருக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள்; சாமானியர்கள் அவர் மனம் கோணாமல் நடந்துகொள்வார்கள். அவர் மூட்டையில் வம்சாவளிச் சுருள் ஒன்றும், 25 பொற்காசும் இருக்கும். தெருவில் வளர்ந்த அநாதைக் குழந்தைக்கு 10 காசு.

அந்தப் பழைய விதியை எழுதியவர், தெரிந்தோ தெரியாமலோ, சமூகவியலைச் சரியாகப் பிடித்துவிட்டார். பிரபுவிடம் இருப்பது கூடுதல் மூளை அல்ல. எதிரில் இருப்பவர் தரும் மரியாதை. அது அவருடைய உடம்புக்குள் இல்லை; வாயிற்காவலரின் தலையில் இருக்கிறது. பிரபுவை நாடு கடத்தி, பெயர் தெரியாத ஊரில் விட்டால் ஆவியாகிவிடும். அதைத்தான் நாம் சாதிய மூலதனம் என்கிறோம்.

2024 இதைத் தலைகீழாக்கிவிட்டது. சலுகையைச் சொன்ன பத்தியை எடுத்துவிட்டார்கள். பணத்தைச் சமமாக்கிவிட்டார்கள்: எந்தப் பின்புலமானாலும் பொருள்களை வேண்டாம் என்றால் 50 பொற்காசு. பொருள்களோடு எடுத்துக்கொண்டால் உழவர் கையில் 30 காசு, பிரபு கையில் 29 காசும் ஒரு வாசனைத் திரவியமும். உழவரிடம் ஒரு காசு கூடுதல்! நிஜத்தில் மலைபோல் நிற்கும் இரண்டு வித்தியாசங்கள், சொத்தும் சமூக மரியாதையும், ஒரே பக்கத்தில் மறைந்துவிட்டன. நிஜத்தில் இல்லாத ஒரு வித்தியாசம், அறிவு, அதே பக்கத்தில் முளைத்துவிட்டது. ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. வெளியே, சமூகத்தில் இருந்ததை எடுத்து மனிதருக்குள்ளே, மூளையில் வைத்துவிட்டார்கள். 'இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள், எல்லாம் திறமைதான்' என்று சொல்கிறவர்கள் செய்வதும் அச்சு அசலாக இதையே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பிறப்பு வேறு, தொழில் வேறு. இனத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, செய்யும் வேலை நம்மைச் செதுக்குகிறது, உழைத்தால் உடம்பு உறுதிப்படும், படித்தால் அறிவு வளரும், இதில் என்ன தப்பு? கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. 'பிறப்பால் அல்ல, குணத்தாலும் செயலாலும்' என்ற வாதத்தை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வருணத்தை நியாயப்படுத்த வந்தவர்களின் கடைசிக் கோட்டை அது. 1936இல், லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டலத்துக்காக எழுதி, அங்கே பேச முடியாமல் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் நேராக இந்தக் கோட்டையின் மேல்தான் ஏறுகிறார். ஆரிய சமாஜத்தினர் சொன்ன குணம் சார்ந்த வருணத்தையும், பிளேட்டோ மனிதர்களைச் சில வகுப்புகளாகப் பிரித்ததையும் சேர்த்தே அவர் மறுக்கிறார். மனிதர்களின் தனித்தன்மையை நாலைந்து பெட்டிக்குள் அடைக்க முடியாது என்பது அவர் வாதம். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது என்று அவர் சொன்னதும் அதே உரையில்தான். பிறப்பை எடுத்துவிட்டுத் தொழிலை வைத்தாலும் பெட்டி பெட்டியாகவே இருக்கும்.

தவிர, இந்தப் பின்புலங்கள் உண்மையில் தொழில்களா? பிரபுவின் பின்புலம் கோட்டையில் வளர்ந்த கதையைத்தான் சொல்கிறது. உழவரின் பின்புலம் நிலத்தோடு ஒட்டி வளர்ந்த கதையை. இரண்டிலும் வருவது வளர்ந்த வீடு. அதற்கு வேறு பெயர் பிறப்பு. 'ஆட்டக்காரர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கிறாரே' என்பார்கள். தேர்ந்தெடுப்பது மாடியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நாம். அந்த உலகத்துக்குள் பிறந்த பாத்திரத்துக்குத் தேர்வு எதுவும் கிடையாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்திலும் பாதி நாள் பள்ளியும் மீதி நாள் வீட்டுத் தொழிலும் என்று பிரித்தது குழந்தைகள் அல்ல. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

'இது வெறும் விளையாட்டு, கற்பனை, இதில் போய் அரசியலா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. ஒன்று மட்டும். டிராகன் பறக்கிறது, செத்தவர் எழுகிறார், கதவு பேசுகிறது. இத்தனையும் கற்பனை செய்ய முடிந்த புத்தகத்தால் கற்பனை செய்ய முடியாமல் போனது, பிரபு அளவுக்கு அறிவுள்ள ஓர் உழவரை. கற்பனை எங்கே நின்றுபோகிறது என்பதுதானே சுவாரசியம்?

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: டி.எம்.களுக்கான 2024 வழிகாட்டி நூலில் புதிய பின்புலம் உருவாக்கும் முறை இருக்கிறதே, உழவரைப் போலவே ஒன்றைச் செய்து அறிவையும் சேர்த்துக்கொள்ளலாமே? ஆமாம், இருக்கிறது. ஆனால் பிரபுவாக ஆட யாருடைய அனுமதியும் வேண்டாம், அச்சிலேயே இருக்கிறது. அறிவுள்ள உழவராக ஆட டி.எம். நல்லவராக இருக்க வேண்டும். உரிமைக்கும் பெரிய மனதுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேறு வழியே இல்லை என்றால் புலம்புவதில் பயனில்லை. இருக்கிறது. பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் (2019) பண்ணையாள் என்ற பின்புலம் உண்டு. உடலுறுதி, விவேகம் இரண்டில் ஒன்று கூடும். அதோடு இன்னோர் உயர்வை எந்தத் திறனிலும் போடலாம், அறிவிலும். மேலும் அவருக்கு 'வேளாண்மை அறிவு' என்ற தேர்ச்சி தரப்படுகிறது. அதற்கான பகடையை அறிவுத் திறனை வைத்துத்தான் உருட்ட வேண்டும். விதை பற்றித் தெரிவது அறிவு என்று அங்கே விதியே சொல்கிறது. 1977இல் வந்த டிராவலர் இன்னும் ஒரு படி தெளிவு: அறிவுக்கு ஓர் எண், கல்விக்கு வேறோர் எண், சமூக அந்தஸ்துக்கு மூன்றாவது எண். கல்வி கிடைக்காதவர் அறிவில்லாதவர் அல்லர், அந்தஸ்து உள்ளவர் அறிவாளியும் அல்லர் என்பதைத் தாளிலேயே மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1986இல் வந்த கர்ப்ஸ். அதில் எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள். அதைக் கொண்டு திறன், செல்வம், அந்தஸ்து எல்லாவற்றையும் வாங்க வேண்டும். சமூகம் இழிவாகப் பார்க்கும் பிரிவில் பிறந்தவராக உங்கள் பாத்திரத்தை அமைத்தால், அந்தப் பாரத்துக்கு ஈடாகக் கூடுதல் புள்ளிகள் தருவார்கள்; அதைத் திறனில் போட்டுக்கொள்ளலாம். இழிவைச் சுமப்பவருக்கு ஈடு செய்வது நியாயம் என்பது அங்கே சாதாரணக் கணக்கு. அந்த மேசைகளில் 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று யாரும் எழுந்து கத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன் இதையெல்லாம் மாடியில் பேசினேன். இவ்வளவு நீளமாக இல்லை. நண்பர் பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டார். "சரிக்கா, எனக்கும் அன்னைக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு." இரண்டு முடிவுகள் எடுத்தோம். திறன் கூடுதலை யாரும் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்புலம் அதைத் தொடாது. இரண்டாவது, 2014இல் இருந்தது போல, பின்புலத்துக்கு நேராக உலகம் இந்தப் பாத்திரத்தை எப்படி நடத்துகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். பிரபுவாக ஆடும் நண்பர் உட்பட.

தங்கை 'அறிஞர்' என்பதை அழித்தார். இரண்டு முறை ரப்பர் பட்டதில் அந்த இடம் நைந்துபோயிருந்தது. பேனாவை எடுத்து அழுத்தி 'உழவர்' என்று எழுதினார். அறிவு 17. அந்த ஒரு வரிக்கு வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதியது: 'நூலகத்துக்குள் போனால் முதலில் வாசலில் நிறுத்தி விசாரிப்பார்கள்.'

அன்றைய கதையில் மந்திரவாதிகளின் கோபுரம் வந்தது. டி.எம். அந்த வரியை மறக்கவில்லை. பிரபுவை வணங்கி உள்ளே விட்ட காவலன், இவரை மட்டும் கோலை நீட்டித் தடுத்து, யார் வீட்டுப் பெண் என்று கேட்டான். பேசிப் பார்க்கிறேன் என்று பகடையை உருட்டினார். 4 விழுந்தது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்து அவரோடு நின்றோம். என்ன செய்வது என்று ஆளாளுக்கு மந்திரம், ஆயுதம், லஞ்சம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, உள்ள குதிரை இருக்கும்ல? அப்ப வைக்கோல் வண்டி எந்தப் பக்கம் போகும்?" என்று அவர் கேட்டார். நண்பர் கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அதை மூடிவிட்டு, பின்வாசல் வழியாக என்றார்.